பாப்பா எங்கே இருக்கு டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வெள்ளோடு டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர்!" என்று ஒரு சத்தம். திரும்பினால் மீசை நரைத்த ஒரு ஆள். 1990களில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். இப்போது மினி லாரி வைத்து ஓட்டுகிறானாம். நலம் விசாரித்துவிட்டு, "பாப்பா எங்கே இருக்கு டீச்சர்? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டான். சின்ன வயதில் என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவாள். அந்த ஞாபகத்தில் கேட்கிறான்.

"ஆப்பிரிக்காவில் சிஸ்டரா இருக்காப்பா" என்றேன்.

"சிஸ்டர்னா நர்ஸுங்களா டீச்சர்? சம்பளம் நிறைய வருமே!"

"இல்லப்பா, கன்னியாஸ்திரி."

அவன் முகத்தில் ஒரு மாதிரி அமைதி வந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை போலும். "நல்லா இருக்காங்களா?" என்றான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான், இவனுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே என்று தோன்றியது. பத்து வருடமாக யார் கேட்டாலும் இதே மாதிரி ஒரு வரியில்தான் முடிக்கிறேன். அதனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். மதம் பேசுவதற்காக எழுதவில்லை. என் மாணவர்களில் எல்லா சாமியையும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிய ஒரு அம்மா எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் மடத்தில் சேர்ந்தது 2004இல், பிளஸ் டூ முடித்த கையோடு. அதற்கு நான் தடை சொல்லவில்லை. எங்கள் பக்கம் வெள்ளோடு, பஞ்சம்பட்டி, மாரம்பாடி என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு இரண்டு சிஸ்டர், ஒரு ஃபாதர் இருப்பார்கள். என் அத்தை ஒருவர் சிஸ்டர்தான். மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான், இவளாவது பக்கத்தில் இருக்கட்டுமே என்று ஒரு ஆசை இருந்தது. ஆனாலும் திருச்சிப் பக்கம்தானே, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போவேன். முதல் வார்த்தைப்பாடு எடுத்தாள், ஆசிரியர் பயிற்சி முடித்தாள், ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். நானும் டீச்சர், மகளும் டீச்சர் என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

2014 ஏப்ரலில் ஒரு வாரம் விடுப்பில் வந்தவள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அம்மா, தான்சானியாவுக்கு ஆள் கேட்டாங்க. நான் பேர் கொடுத்திருக்கேன்." என் வீட்டுக்காரர் கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்போதுகூட மனம் ஓரளவு சமாதானம் ஆகியிருக்கும். ஆனால் ஜூன் 2ஆம் தேதி அந்தச் செய்தி வந்தது. இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை அலெக்சிஸ் பிரேம்குமார், நம் சிவகங்கை மாவட்டத்துக்காரர், ஆப்கானிஸ்தானில் ஹெராத் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் அவரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அகதிகளாக வெளியே போய்த் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளுக்காக வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியும். கோவில்களில் அவருக்காகச் செபமாலை சொன்னோம். ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

நான் மகளிடம் போனில் சொன்னேன்: "பாத்தியா? பள்ளிக்கூடத்துக்குப் போன மனுஷனுக்கே இந்த கதி. நீ போக வேண்டாம்."

"அம்மா, ஆப்கானிஸ்தான் வேற, தான்சானியா வேற. நீ மேப் பாரு."

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மேப் காட்டியவளுக்கு அவள் பாடம் எடுக்கிறாள்! எனக்கு வந்ததே கோபம். "இங்கே ஏழைங்க இல்லையா? இங்கே படிக்காத பிள்ளைங்க இல்லையா?" என்று கேட்டேன். அதற்கு அவள் பதில் சொன்னாள்: "இங்கே நீ இருக்கியேம்மா." கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2015 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. ஃபாதர் விடுதலை ஆகிவிட்டார் என்று பிரதமர் ட்விட்டரில் அறிவித்தார். எட்டு மாதம் கழித்து. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மகள் போன் செய்தாள். "அம்மா, ஃபாதர் வந்துட்டார்" என்று அழுதாள். நான், "அவர் வந்துட்டார்ல, நீ போகாதே" என்றேன். அந்த நேரத்தில்கூட அதைத்தான் சொன்னேன்.

சபையிலிருந்து எங்கள் சம்மதத்தைக் கேட்டபோது அவர் சரி என்றார். நான் வாயே திறக்கவில்லை. செப்டம்பரில் அவள் புறப்பட்டாள். சென்னை ஏர்போர்ட்டுக்கு அவரும் மூத்தவனும் போனார்கள். நான் போகவில்லை. பள்ளியில் காலாண்டுத் தேர்வு, லீவு எடுக்க முடியாது என்று சொன்னேன். உண்மையில் எடுத்திருக்கலாம். தலைமையாசிரியை எத்தனையோ முறை, "போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். பிடிவாதம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தேர்வு என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த அவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "பாப்பா உன்னைக் கேக்கல. கேட்டா அழுதுருவோம்னு நெனச்சிருப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து நிமிர்ந்தே காலம் தள்ளியவர்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவள் கூப்பிடுவாள், அவர் பேசுவார். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே காதை அங்கே வைத்திருப்பேன். இப்படி ஐந்து மாதம் போனது.

2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கவாத்து வேலைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தார். போன் அடித்தது. எடுத்துவிட்டேன். எப்படி இருக்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்தவுடன், "அம்மா, ஒரே கிளாஸ்ல அறுபத்தெட்டுப் பிள்ளைங்கம்மா. என் சுவாஹிலியக் கேட்டுச் சிரிக்கிறாங்க. பின்னாடி உக்காந்திருக்கிறதுங்க எழுதவே மாட்டேங்குது. நான் என்ன செய்ய?" என்றாள். குரல் உடைந்துபோய் இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இதுக்குத்தான் போகாதேன்னேன்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அறுபத்தெட்டுப் பிள்ளை என்றதும் உள்ளே இருந்த டீச்சர் முழித்துக்கொண்டாள். "வரிசையா உக்கார வைக்காதே. எட்டு எட்டா வட்டமா உக்கார வை. ஒவ்வொரு வட்டத்துக்கும் சூட்டிகையான பிள்ளை ஒண்ணைத் தலைவராப் போடு. ஸ்லேட்டு இல்லாட்டா மணல்ல எழுத வை. எண்ணுறதுக்குப் புளியங்கொட்டை குடு" என்று ஆரம்பித்தவள் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. நம் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அட்டை வந்த 2007ஆம் வருடம் நான் பட்ட பாடு, அதில் எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று எல்லாம் சொன்னேன். "சுவாஹிலியிலயும் ம, மெ, மி, மொ, மு என்றுதான்மா எழுத்துக் கூட்டிச் சொல்லிக் குடுக்கிறாங்க, நம்ம க கா கி கீ மாதிரி" என்றாள். அப்படியானால் பாதி வேலை முடிந்ததே என்றேன். தோட்டத்திலிருந்து வந்த அவர் வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார். எங்களைக் கலைக்கக் கூடாதென்று.

அடுத்த வாரம் அவள் ஒரு படம் அனுப்பினாள். கட்டடத்துக்கு வெளியே பிரம்மாண்டமான ஒரு பெருக்க மரம், அதன் அடியில் வட்ட வட்டமாகப் பிள்ளைகள். அந்த வெயிலிலும் எல்லோரும் சீருடை ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். புளியங்கொட்டைக்குப் பதிலாக அந்த மரத்தின் விதைகள். அந்த விதையில் சர்க்கரையும் சிவப்புச் சாயமும் ஏற்றி மிட்டாயாக விற்கிறார்களாம், உபூயு என்று பெயர். "கணக்குப் பாடம் முடியறதுக்குள்ள பாதி விதையை வாயில போட்டுருதுங்கம்மா" என்று எழுதியிருந்தாள்.

அவள் இருப்பது டொடோமா நகரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். டொடோமாதான் அந்த நாட்டின் தலைநகர். 1973இல் முடிவு செய்து, அரசு முழுசாக அங்கே போய்ச் சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வறண்ட பூமி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, மற்ற மாதமெல்லாம் புழுதி. நம் வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கம் கோடையில் எப்படி இருக்குமோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவைக் கிண்டிய களி. நம் வீட்டில் களி கிண்டினால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓடியவள், இப்போது தினம் இரண்டு வேளை அதைத்தான் சாப்பிடுகிறாள்.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், அங்கேயும் திராட்சை விளைகிறது. வருடத்துக்கு இரண்டு அறுப்பு. இத்தாலி நாட்டுக் குருக்கள்தான் பூசைக்கு வேண்டிய ரசத்துக்காகக் கொடியைக் கொண்டு வந்தார்கள் என்று சொல்கிறார்களாம். இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். நம் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கும் இதே கதைதான். 1832இல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டு வந்தது என்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்செல்லாம் அப்பாவுக்கும் மகளுக்கும் கொடியைப் பற்றித்தான். இலையில் வெள்ளையாக இருக்கிறது என்பாள், சாம்பல் நோய், கந்தகத்தூள் போடச் சொல் என்பார். அங்கே உள்ள விவசாயிகள் இவரை 'திண்டுக்கல் பாபு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். பாபு என்றால் அவர்கள் மொழியில் தாத்தா.

மணிக்கணக்கில் ஒரு வேடிக்கை. நம் நேரத்துக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் பின்னால். அது போதாதென்று சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி என்றால் இரண்டு மணி. நம் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை கணக்கிட்டது மாதிரி. ஒருமுறை அவள் பழக்க தோஷத்தில், "மூணு மணிக்குக் கூப்பிடறேன்" என்றாள். நான் மத்தியானம் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சொன்னது அவர்கள் காலை ஒன்பது மணியை. நமக்குப் பதினொன்றரை. அப்போது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன்.

பெரியவர்களைக் கண்டால் சின்னவர்கள் "ஷிகமோ" என்று சொல்ல வேண்டும். பெரியவர் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு "ம்வாலிமு" என்று பெயர். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாடே அவரைக் கடைசி வரை ம்வாலிமு என்றுதான் கூப்பிட்டதாம். நம் வாத்தியார் வர்க்கத்துக்கு இது போதாதா!

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகளிடம் ஒருநாள் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மார்மன் சபையாம். அந்தச் சபையில் பையன்கள் பதினெட்டு வயதிலேயே இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம், எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ஊழியத்துக்குப் போகிறார்கள். 2019 பிப்ரவரி வரைக்கும் வருடத்துக்கு இரண்டே முறைதான் வீட்டுக்குப் போனில் பேசலாம். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. அதன்பிறகுதான் வாரம் ஒருமுறை பேச அனுமதித்தார்களாம். அந்த அம்மாமார்களை நினைத்தேன். எனக்கு ஞாயிறுதோறும் போன் வந்தது, நான்தான் எடுக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் வீரமாமுனிவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பரமார்த்த குரு கதையைச் சொல்லி உங்களையெல்லாம் சிரிக்க வைத்திருக்கிறேன். 1680இல் இத்தாலியில் பிறந்தார், தமிழ்நாடு வந்தார், சதுரகராதி செய்தார், தேம்பாவணி பாடினார் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. அவருக்கு ஒரு அம்மா இருந்திருப்பாளே, கப்பல் ஏறிய மகன் என்ன ஆனான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாளே என்று ஒரு பிள்ளைக்குக்கூட நான் சொன்னதில்லை. எனக்கே தோன்றியதில்லை.

அருளானந்தரின் அம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். லிஸ்பனில் அரண்மனைச் செல்வாக்குள்ள குடும்பம். 1673இல் மகன் இந்தியாவுக்குப் புறப்படுகிறான் என்று தெரிந்ததும், போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் ஆள் பிடித்துத் தடுக்கப் பார்த்தாளாம். முடியவில்லை. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் மகனை வெட்டிக் கொன்றார்கள். செய்தி லிஸ்பனுக்குப் போனபோது அவள் திருவிழா உடை உடுத்தி அரண்மனைக்குப் போனாள் என்பார்கள். சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்ட கதை. பிரசங்கத்தில் அந்த உடையைப் பற்றித்தான் சொல்வார்கள், தூதரிடம் போய் நின்றதைச் சொல்ல மாட்டார்கள். ஓரியூர்ச் செம்மண்ணை எத்தனை முறை நெற்றியில் பூசியிருக்கிறேன்! அந்த அம்மாளும் என்னைப் போல, "இங்கே ஏழைங்க இல்லையா?" என்று கேட்டிருப்பாள். லிஸ்பனிலும் ஏழைகள் இருந்திருப்பார்கள்தானே.

2020 ஜூலையில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மாரடைப்பு. ஊரடங்கு நேரம், இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. தான்சானியாவில் விமானம் பறக்க ஆரம்பித்திருந்தது, ஆனால் இங்கே வந்து இறங்க வழியில்லை. மூத்தவன் திருப்பூரிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்து சேரவே மறுநாள் ஆனது. கல்லறையில் அண்ணன் மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியைக் குழியில் இறக்கும்போது சிக்னல் போய்விட்டது. மறுபடி கிடைத்தபோது மண் மூடியாகிவிட்டது. திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது, நெட் நின்றதா அவள்தான் அப்படி இருந்தாளா, தெரியவில்லை. என் நாத்தனார், "பெத்த மக ஒரு பிடி மண்ணு போட வரலையே" என்று சொல்லி அழுதார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, நானும் அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

2023இல் இரண்டு மாத விடுப்பில் வந்தாள். கறுத்து, மெலிந்து, மலேரியா இரண்டு முறை வந்துபோன உடம்பு. நேராகக் கல்லறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றுகொண்டேன். வெளியே வந்தவள் கையில் மண் ஒட்டியிருந்தது. "வீட்டுக்குப் போலாமா?" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். தேடிப் போனால் திராட்சைப் பந்தலுக்கடியில் நிற்கிறாள். குத்தகைக்கு விட்டிருந்தோம். குத்தகைக்காரரிடம் கவாத்துக் கத்தரியை வாங்கி, அப்பா சொன்ன மாதிரி எத்தனை கணு விட்டு வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது மோஜா, பிலி, தாத்து என்று சுவாஹிலியில்தான் வாயில் வருகிறது. "கத்தரி"க்குத் தமிழ் வார்த்தை ஒரு நிமிடம் மறந்துபோய் விழித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கிய பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கத்திலும் ஏதோ பேசினாள், ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். டாலரில் எவ்வளவு என்றார்கள். வறுமை வார்த்தைப்பாடு என்று ஒன்று உண்டு, அவளுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது, வரும்போது எனக்கு வாங்கி வந்தது ஒரு கித்தெங்கே துணி மட்டும்தான், அதுவும் அங்கே பிள்ளைகளின் அம்மாமார் சேர்ந்து எனக்கென்று கொடுத்துவிட்டது. மஞ்சளில் நீலப்பூ. சின்னாளபட்டிச் சுங்குடிக்கு முன்னால் நிற்காது என்றாலும் நன்றாகத்தான் இருக்கிறது. நம் வீட்டு மேசை விரிப்பு அதுதான்.

திரும்பிப் போகும்போது சென்னை ஏர்போர்ட்டுக்கு நான் போனேன். உள்ளே போவதற்கு முன்னால், "அம்மா, ஒருதடவை நீ அங்க வாயேன். பிள்ளைங்க உன்னைப் பாக்கணும்னு சொல்லுதுங்க. வட்டமா உக்கார வைக்கச் சொன்ன பீபி யாருன்னு கேக்குதுங்க" என்றாள். பீபி என்றால் பாட்டி. சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

போன மாதம் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில் எடுத்த முதல் பாஸ்போர்ட். புகைப்படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்று இருக்கிறது. அறுபது தாண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்துத்தான் போடுவார்களாம். அதற்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போக வேண்டும். சென்னையில் இருக்கும் மாணவர்கள் யாராவது கூட வர முடிந்தால் சொல்லுங்கள். தார் எஸ் சலாமிலிருந்து டொடோமாவுக்கு 2024 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்னொரு உதவி. அங்கே சாயங்காலம் மரத்தடியில் 'பாவோ' என்று ஒரு விளையாட்டு ஆடுகிறார்களாம். நம் பல்லாங்குழியேதான், குழிதான் அதிகம், நான்கு வரிசையில் முப்பத்திரண்டு. நம்முடைய பதினான்கு குழிப் பலகை ஒன்று கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. கடையில் இப்போது பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது. மேட்டுப்பட்டியில் தச்சு வேலை பார்க்கிற நம் மாணவன் இதைப் படித்தால், நடுவில் கீல் வைத்து மடிக்கிற மாதிரி மரத்தில் ஒன்று செய்து கொடுப்பா. காசு வாங்கிக்கொள்ள வேண்டும், சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன். எடை மட்டும் இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும், முறுக்குக்கு இடம் வேண்டும்.